மரியோ ஊருக்கு ஒரு ரவுண்டு!

கேசட்டைக் கழட்டி, 'ஃபூ...'ன்னு ஒரு ஊது ஊதி, மறுபடி சொருகி, டி.வி. முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? இல்லையென்றால் வீட்டில் அண்ணனையோ, சித்தப்பாவையோ கேட்டுப் பாருங்கள். முகத்தில் பல்பு எரியும். அடுத்த அரை மணி நேரத்துக்கு உங்களை விடமாட்டார்!

'99999 இன் 1' என்று ஸ்டிக்கர் ஒட்டிய மஞ்சள் கேசட். ஆசையாக உள்ளே போனால், அதே பத்துப் பதினைந்து கேம்தான் வேற வேற நம்பரில் சுத்திச் சுத்தி வரும். அதற்குப் பேர்கூட நமக்குத் தெரியாது. நாமே வைத்துக்கொண்டோம். 'டாங்க் கேம்', 'வாத்து சுடுற கேம்', 'பலூன் கேம்', 'ரெண்டு பேர் துப்பாக்கி கேம்'. பேர் தெரிந்த ஒரே ஆசாமி மரியோ மட்டும்தான்.

அந்தப் பெட்டி ஒரு காப்பி, ஃப்ரெண்ட்ஸ். ஒரிஜினலின் பெயர் ஃபேமிகாம். ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் இருக்கிற நின்டெண்டோ கம்பெனி 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் வெளியிட்டது. அமெரிக்காவில் இதற்குப் பேர் என்.இ.எஸ். இரண்டும் சேர்த்து உலகம் முழுக்க 6 கோடிக்கு மேல் விற்றது. காப்பிப் பெட்டிகளைக் கணக்கெடுத்தவர் யாரும் இல்லை. நம்ம ஊருக்கு வந்தவை பெரும்பாலும் அந்தக் காப்பிகள்தான்.

காப்பி அடித்தவர்கள் பல கேம்களில் கம்பெனி பெயரையும் வருஷத்தையும் முதல் ஸ்க்ரீனிலேயே துடைத்துவிட்டார்கள். இதில் கொடுமை என்னவென்றால், ஒரிஜினலிலேயே பல பேருக்குப் பெயர் கிடையாது. திறமைசாலிகளை அடுத்த கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பயத்தில், 80-களில் பல ஜப்பானிய கம்பெனிகள் கேம் செய்தவர்களின் நிஜப் பெயரைப் போடவிடவில்லை. புனைப்பெயர்தான்! ஆக, நம்ம கோடை விடுமுறைகளையெல்லாம் அழகாக்கியவர்கள் யாரென்றே தெரியாமல் வளர்ந்துவிட்டோம்.

2025-ல் ஆபீஸ் வேலையாக இரண்டு வாரம் ஒசாகா போகிற சான்ஸ் கிடைத்தது. கிளம்பும்போது பெரியம்மா பையன் போன் பண்ணினான். எங்களுக்குள் அவன்தான் எப்பவும் முதல் பேட், எனக்கு இரண்டாவது பேட். டி.வி. மெக்கானிக். "ஜப்பான் போறியாமே? நம்ம டி.வி. கேமை எவன்டா செஞ்சான்? பார்த்துட்டு வந்து சொல்லு" என்றான். கூடவே ஒரு பெருமூச்சு. "கடையை மூடிரலாம்னு இருக்கேன்டா. இப்பல்லாம் டி.வி. போனா, புதுசு வாங்கிட்டுப் போயிடுறாங்க. இந்த வேலையில என்ன இருக்கு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த இரண்டு கேள்வியையும் தூக்கிக்கொண்டுதான் கியோட்டோவில் இறங்கினேன். வாங்க, நீங்களும் வாங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.

சீட்டுக்கட்டுக் கடை

ஒசாகாவில் இருந்து வேகமான ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் கியோட்டோ ஸ்டேஷன். அங்கிருந்து காமோ ஆற்றுப் பக்கமாகக் கால் மணி நேரம் நடங்கள். பஸ்ஸே வேண்டாம். குறுகலான தெரு, ஓட்டு வீடுகள், வாசலில் பூந்தொட்டி. ககியாச்சோ என்ற அந்தப் பகுதியில் பழைய பாணிக் கட்டடம் ஒன்று கம்பீரமாக நிற்கும். வாசலில் பச்சை நிறப் பலகை. அதில் 'யமாவுச்சி நின்டெண்டோ' என்று ஜப்பானிய எழுத்து.

1889-ல் ஃபுசாஜிரோ யமாவுச்சி என்பவர் தொடங்கியது இந்தக் கம்பெனி. அப்போது வீடியோ கேம் ஏது? ஹனாஃபுடா என்கிற பூச்சீட்டுதான் சரக்கு. 12 மாதத்துக்கு 12 பூ, பூவுக்கு 4 சீட்டு, மொத்தம் 48. இந்தக் கட்டடம் 1930-ல் கட்டியது. கம்பெனி எப்போதோ பெரிய இடத்துக்கு மாறிவிட்டது. 2022-ல் இதை 'மாருஃபுகுரோ' என்று ஹோட்டலாக்கிவிட்டார்கள். 18 ரூம்தான். வாடகையைக் கேட்டால் நமக்கு 'கேம் ஓவர்' ஆகிவிடும் என்பதால், வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்!

ரிப்பேர் பார்க்க வந்தவர்

அடுத்து மெட்ரோ பிடித்து இமாடெகாவா ஸ்டேஷனில் இறங்குங்கள். எதிரில் தோஷிஷா பல்கலைக்கழகம். செங்கல் கட்டடங்கள், சைக்கிளில் பறக்கிற மாணவர்கள், பக்கத்திலேயே பழைய அரண்மனைப் பூங்கா. பார்த்தாலே 'இங்க சீட் கிடைச்சிருந்தா...' என்று தோன்றும்.

எலெக்ட்ரிகல் படித்த குன்பெய் யோகோய் இங்கிருந்து வெளியே வந்த வருஷம் 1965. பெரிய கம்பெனிகளில் வேலை அமையவில்லை. உள்ளூரில் இருந்த சீட்டுக்கட்டு கம்பெனியில் சேர்ந்தார். என்ன வேலை தெரியுமா? சீட்டு தயாரிக்கிற மெஷின்களைப் பழுது பார்க்கிற மெயின்டனன்ஸ் வேலை! 'இன்ஜினீயரிங் முடிச்சிட்டு இதுக்கா வந்தோம்' என்று நம்ம ஆட்கள் புலம்புவார்களே, அதே கேஸ்தான்.

மெஷின் ஓடுகிறபோது அவருக்கு வேலை இல்லை. பொழுது போகாமல், நீட்டினால் நீளும் ஒரு விளையாட்டுக் கையைச் செய்தார். தொழிற்சாலையைச் சுற்றிவந்த முதலாளி ஹிரோஷி யமாவுச்சி கண்ணில் அது பட்டுவிட்டது. திட்டு விழும் என்று பார்த்தால், 'இதைப் பொம்மையா செஞ்சு விற்போம்' என்று உத்தரவு வந்தது. 1966-ல் வெளிவந்த அந்த 'அல்ட்ரா ஹேண்ட்' 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

இவருக்கும் நம்ம பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? உங்கள் இடது கட்டைவிரலைக் கேளுங்கள். கூட்டல் குறி மாதிரி இருக்குமே திசைப் பட்டன், அது இவர் கைவண்ணம். 1982-ல் 'டாங்கி காங்' கையடக்க விளையாட்டுக்காகச் செய்தது. அடுத்த வருஷம் ஃபேமிகாமில் ஏறியது. இன்றைக்கும் அதன் வாரிசு இல்லாத கேம் பேட் அபூர்வம்.

யோகோயின் கொள்கை ரொம்ப சிம்பிள். புத்தம் புது டெக்னாலஜி பின்னால் ஓடாதே. நன்றாகப் பழகி, விலை மலிந்து, எல்லாரும் 'பழசு' என்று ஒதுக்கியதை எடு. அதை யாரும் யோசிக்காத இடத்தில் பயன்படுத்து. ஃபேமிகாமுக்கே இது பொருந்தும். அதன் மூளை, 1975-ல் வந்த 6502 சிப்பின் வழியில் செய்தது. வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். வேலை செய்ய நினைவகம் 2 கேபி. மெகா இல்லை பாஸ், கிலோ!

வாத்து எப்படி விழுந்தது?

மேற்கே போகிற பஸ்ஸில் ஏறி ரிட்சுமெய்கன் பல்கலைக்கழகத்தின் கினுகாசா கேம்பஸில் இறங்குங்கள். பொற்கோயில் கின்காகுஜி, கல் தோட்டம் ரியோவான்ஜி இரண்டுமே நடக்கிற தூரம். கூட்டமெல்லாம் அங்கே போகும். நாம் கேம்பஸ் பக்கம் திரும்புவோம்.

இங்கே வீடியோ கேம் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. 2011-ல் தொடங்கியது. பழைய கேசட், பெட்டி, கையேடு எல்லாவற்றையும் ஓலைச்சுவடி மாதிரி சேர்த்துவைக்கிறார்கள். இந்த மையத்துக்குத் தலைமை தாங்கியவர் மசாயுகி உயெமுரா. அவர்தான் ஃபேமிகாம் பெட்டியை வடிவமைத்த இன்ஜினீயர். அண்ணன் கேட்ட 'எவன்டா செஞ்சான்' கேள்விக்கு நேரடி பதில் இவர்தான்!

உயெமுரா முதலில் ஷார்ப் கம்பெனியில் இருந்தார். ஒளி பட்டால் மின்சாரம் தருகிற சோலார் செல்லை, 'வாங்கிக்கிறீங்களா?' என்று பல கம்பெனிகளிடம் கொண்டுபோவது அவர் வேலை. அப்படி நின்டெண்டோ வாசலுக்கு வந்தவர், யோகோயோடு சேர்ந்து அதை ஒரு பொம்மைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தினார். பிறகு அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1981-ல் முதலாளியிடம் இருந்து போன். 'கேசட் மாத்தி மாத்தி விளையாடுற மாதிரி, டி.வி.யில சொருகுற பெட்டி ஒண்ணு செய்.' அவ்வளவுதான் ஆர்டர்!

அந்தப் பொம்மைத் துப்பாக்கியின் பேரன்தான் 'டக் ஹன்ட்' துப்பாக்கி. 1984-ல் வந்த கேம். துப்பாக்கியில் இருந்து ஏதோ கதிர் பாய்ந்து டி.வி.யைத் தாக்குகிறது என்றுதானே நினைத்தோம்? தலைகீழ்! துப்பாக்கியில் இருந்து எதுவும் போவதில்லை. டி.வி.யில் இருந்துதான் வருகிறது. நீங்கள் ட்ரிகரை அழுத்தியதும் திரை கண நேரம் கறுப்பாகும். வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக் குழாய்க்குள் இருக்கிற ஒளி உணரி அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டால், வாத்து காலி. அதனால்தான் குண்டு பல்பைக் குறிவைத்துச் சுட்டு ஏமாற்றவும் முடியாது. முதலில் கறுப்பு, பிறகு வெள்ளை வந்தால்தான் கணக்கு.

இந்தக் கணக்கு பழைய பிக்சர் டியூப் டி.வி.யின் வேகத்தை நம்பிப் போட்டது. இன்றைய எல்.இ.டி. டி.வி.யில் படம் ஒரு துளி தாமதமாக வரும். அந்த ஒரு துளியில் வாத்து பறந்துவிடும். அதாவது, கேசட் இருந்தாலும், பெட்டி இருந்தாலும், பழைய டி.வி. செத்துவிட்டால் டக் ஹன்ட்டும் செத்துவிடும்.

உயெமுரா 2021 டிசம்பர் 6 அன்று காலமானார். யோகோய் அதற்கு முன்பே, 1997-ல், சாலை விபத்தில் போய்விட்டார். பெட்டியை நாம் தேடி வருவதற்குள், செய்தவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

கையில் விளக்கு, உள்ளே இருட்டு

மறுநாள் காலை கியோட்டோ ஸ்டேஷனில் சாகானோ லைன் ரயிலில் ஏறினேன். ஜன்னல் சீட்டைப் பிடித்துவிடுங்கள். அராஷியாமா தாண்டியதும் சுரங்கம், பள்ளத்தாக்கு, கீழே பச்சை ஆறு, மறுபடி சுரங்கம் என்று கண்ணாமூச்சி காட்டும். முக்கால் மணி நேரத்தில் சோனோபே. மலை, வயல், அமைதி. டவுன் என்று சொல்ல வாய் வராது.

1952-ல் ஷிகெரு மியாமோட்டோ பிறந்த ஊர் இது. சின்ன வயசில் வீட்டைச் சுற்றியிருந்த காடு மேடெல்லாம் அலைந்து, ஒரு நாள் குகை ஒன்றைக் கண்டுபிடித்தார். உள்ளே போகப் பயம். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து நுழைந்தார். 1986-ல் வந்த 'லெஜண்ட் ஆஃப் ஜெல்டா'வைத் தொடங்கிப் பாருங்கள். கையில் ஆயுதம் இல்லாத பையன், எதிரே ஒரு குகை, உள்ளே இருட்டு. சோனோபே மலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றால், அந்த முதல் ஸ்க்ரீன் எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்கவே வேண்டாம்.

மியாமோட்டோ கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. இண்டஸ்ட்ரியல் டிசைன் படித்துவிட்டுப் படம் வரைய வந்தவர். அவரும் தகாஷி தெசுகாவும் சேர்ந்து உருவாக்கி, கோஜி கோண்டோ இசையமைத்து, 1985 செப்டம்பர் 13 அன்று வந்தது 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'. முழு கேமும் 40 கேபி. உங்கள் ஃபேமிலி க்ரூப்பில் தினமும் வருகிற 'குட் மார்னிங்' ரோஜாப்பூ படம் ஒன்றே இதைவிடக் கனம்!

இடமில்லாததால் என்ன செய்தார்கள்? அடுத்த முறை ஆடும்போது உற்றுப் பாருங்கள். மேலே வெள்ளையாக இருந்தால் மேகம். அதே உருவத்துக்குப் பச்சை அடித்துக் கீழே வைத்தால் புதர்! மரியோவுக்கு மீசை ஏன்? சின்ன சின்னக் கட்டங்களில் வாய் வரைய முடியவில்லை. தொப்பி ஏன்? தலைமுடி வரைய முடியவில்லை. பற்றாக்குறைதான் அந்த முகத்தை வரைந்தது. உலகம் அதைக் காதலித்தது.

முப்பது உயிர் கொடுத்த புண்ணியவான்

ஒசாகாவுக்குத் திரும்பியபோது இன்னொரு நன்றிக்கடன் நினைவுக்கு வந்தது. 'ரெண்டு பேர் துப்பாக்கி கேம்' என்றோமே, அந்த 'கான்ட்ரா' 1988-ல் ஃபேமிகாமுக்கு வந்தது. செய்தது கொனாமி. அந்தக் கம்பெனி 1969-ல் இதே ஒசாகா பக்கம் எப்படித் தொடங்கியது தெரியுமா? ஜூக்பாக்ஸ் பாட்டுப்பெட்டியை வாடகைக்கு விட்டு, ரிப்பேர் பார்த்துக் கொடுக்கிற தொழிலாக! மறுபடியும் ரிப்பேர். ஏதோ விஷயம் இருக்கு, இல்லையா?

மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. விரல் மறக்காத மந்திரம். அடித்தால் 30 உயிர். இதை எழுதியவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-ல் 'கிராடியஸ்' கேமை ஃபேமிகாமுக்கு மாற்றியபோது, அவரால் அதை ஜெயிக்க முடியவில்லை. சோதித்துப் பார்க்க தனக்காக ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். எடுக்க மறந்துவிட்டார்! 2020-ல் அவர் மறைந்தார். நமக்கு 30 உயிர் கொடுத்தவருக்கு ஒன்றுதான் இருந்தது.

அப்புறம் நம்ம 'டாங்க் கேம்'. நிஜப் பெயர் 'பேட்டில் சிட்டி', 1985, நாம்கோ. 35 ஸ்டேஜ். செங்கல் சுவருக்கு நடுவில் கழுகு. அதை இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்ற வேண்டும். நடைமுறையில் அண்ணன் முன்னால் போய்ச் சுடுவான், நான் கழுகுக்குக் காவல். எத்தனை முறை நானே தப்பாகச் சுட்டுக் கழுகைக் கொன்றேன் என்பது குடும்ப ரகசியம். 'பலூன் கேம்' என்ற 'பலூன் ஃபைட்'டுக்கு ப்ரோகிராம் எழுதியவர் சடோரு இவாடா. அந்த இளைஞர்தான் 2002-ல் நின்டெண்டோவின் தலைவரானார். 2015-ல் மறைந்தார்.

ஒகுரா ஸ்டேஷன்

கடைசி ஸ்டாப், நின்டெண்டோ மியூசியம். கியோட்டோவில் இருந்து கின்டெட்சு லைனில் ஒகுரா ஸ்டேஷன், அங்கிருந்து 5 நிமிட நடை. இது ஊஜி நகரம், ஜப்பானின் பெயர் பெற்ற க்ரீன் டீ ஊர். 1969-ல் கட்டிய சீட்டுத் தொழிற்சாலை இது. பிற்காலத்தில் கேம் பெட்டிகளை ரிப்பேர் பார்க்கிற இடமாகவும் இருந்தது. 2024 அக்டோபர் 2 அன்று மியூசியமாகத் திறந்தார்கள். ஆமாம் ஃப்ரெண்ட்ஸ், இதுவும் ஒரு சர்வீஸ் சென்டர்தான்!

நேரே போனால் டிக்கெட் கிடைக்காது. ஆன்லைனில் முன்கூட்டியே விண்ணப்பித்து, குலுக்கலில் பெயர் வர வேண்டும். திறந்தபோது பெரியவர்களுக்கு 3,300 யென். மாடியில் கம்பெனி செய்த எல்லாப் பொருளும் கண்ணாடிக்குப் பின்னால். அங்கே போட்டோவுக்குத் தடை. கீழே விளையாட 10 டிஜிட்டல் காசு தருகிறார்கள். எதை விளையாடுவது, எதை விடுவது என்று மண்டை காய்ந்துவிடும்.

நான் தேடிப் போனது இரண்டு. ஒன்று, ஒரிஜினல் ஃபேமிகாம். அதன் இரண்டாவது பேடில் ஸ்டார்ட், செலக்ட் பட்டனே கிடையாது. ஆட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் முதல் பேட்காரன் உரிமை! சின்ன வயசில் இதற்காக அழுதிருக்கிறேன். ஆனால் அதில் ஒரு குட்டி மைக் இருக்கிறது. ஜப்பானிய 'ஜெல்டா'வில் பெரிய காது வைத்த ஒரு பூதம் வரும். அந்த மைக்கில் கத்தினால் செத்துப்போகும். இரண்டாவது பேட்காரனுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

இன்னொன்று, ராட்சத பேட். ஒரு ஆள் உயரத்துக்கு மேல். தனியாக ஆடவே முடியாது. ஒருவர் திசைப் பட்டனை அழுத்த, இன்னொருவர் ஏ, பி பட்டனை அழுத்த வேண்டும். நான் தனியாக விழிப்பதைப் பார்த்து, பின்னால் நின்ற ஒருவர் தன் பையனை என் பக்கம் தள்ளிவிட்டார். எட்டு வயசு இருக்கும். மொழி தெரியாது. அவன் ஏதோ கத்தினான், நான் "தாவு, தாவு!" என்று தமிழில் கத்தினேன். சரியாகத் தாவினான். அப்புறம் இருவரும் ஒன்றாகப் பள்ளத்தில் விழுந்தோம். பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வெளியே வந்ததும் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"யாருன்னு கண்டுபிடிச்சிட்டியா?"

"கண்டுபிடிச்சிட்டேண்ணே. ஒருத்தர் மெஷின் ரிப்பேர் பார்த்தவர். ஒருத்தர் கடை கடையா ஏறி சோலார் செல் விற்றவர். ஒருத்தர் படம் வரைய வந்தவர். கான்ட்ரா கம்பெனி பாட்டுப்பெட்டி சர்வீஸ்ல ஆரம்பிச்சது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எல்லாம் நம்ம ஜாதிக்காரனுங்கதான்னு சொல்லு" என்று சிரித்தான். மெக்கானிக் ஜாதி!

"டக் ஹன்ட் அங்க ஓடுதா?"

"துப்பாக்கி விளையாட்டு இருக்கு. பெரிய திரை, புது டெக்னாலஜி. ஆனா நம்ம பழைய வாத்து இல்ல. அதுக்கு டியூப் டி.வி. வேணும்."

"கடையில ஒண்ணு கிடக்கு. 21 இன்ச். யாரோ விட்டுட்டுப் போனது, நல்லா ஓடுது. எடைக்குப் போடலாம்னு எடுத்து வெச்சேன்..." கொஞ்சம் நிறுத்தினான். "போடல. வா. துப்பாக்கி எங்கேயோ பரண்ல இருக்கு. தேடி வைக்கிறேன்."

கடையை மூடுவது பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறு, கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். கேசட்டை எடுத்து நான் பழக்கதோஷத்தில் வாய் பக்கம் கொண்டுபோனேன். பட்டென்று கையில் ஒரு அடி. "ஊதாதடா! எச்சில் பட்டா பின் துருப்பிடிக்கும்னு எத்தனை தடவை சொல்றது?" அழிரப்பரால் பின்களை மெல்லத் துடைத்துச் சொருகினான். அவன் சொல்வதுதான் சரி. நாம் ஊதியதால் கேசட் ஓடியதே இல்லை. கழட்டி மாட்டியதால்தான் ஓடியது.

திரை ஒருமுறை மின்னியது. வாத்து பறந்தது. அண்ணன் துப்பாக்கியை என் கையில் கொடுத்தான். வாழ்க்கையில் முதல் முறையாக, முதல் ஆட்டம் எனக்கு!

உங்களுக்கும் கியோட்டோ போகிற சான்ஸ் வரட்டும். வராவிட்டாலும் பரவாயில்லை. இந்த ஞாயிறு பரணில் ஏறிப் பாருங்கள். உங்கள் பெட்டியோ, கேசட்டோ, அடாப்டரோ ஏதாவது ஒன்று இருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு மெக்கானிக் இன்னும் இருப்பார். எடுத்துக்கொண்டு போங்கள். முக்கியமாக, உங்களோடு இரண்டாவது பேட் பிடித்தவருக்கு ஒரு போன் போடுங்கள்.

ஸ்டார்ட் பட்டன் இந்த முறை அவர் கையில் இருக்கட்டும்!